அத்தையோடு ஐந்து துறைமுகங்கள்: எங்கே நாமே இறங்கலாம், எங்கே வேண்டாம்?

கேள்வி: நானும் என் அத்தையும் செப்டம்பரில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். இத்தாலியின் டிரியெஸ்டேயில் ஏறுகிறோம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக், மாண்டினீக்ரோவின் கோட்டோர், கிரீஸின் கட்டாகோலோன், சாண்டோரினி, துருக்கியின் குஷாதாசி ஆகிய ஊர்களில் கப்பல் பகலில் நிற்கும். கடைசியில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இறங்குகிறோம். அத்தைக்கு 69 வயது. முழங்கால் தேய்மானம், சர்க்கரை இரண்டும் உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படிக்கட்டு என்றால் சிரமம். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாக்களை எல்லா ஊருக்கும் வாங்கினால் செலவு பயணச்சீட்டையே எட்டிவிடும் போலிருக்கிறது. நாங்களே இறங்கிச் சுற்றினால் கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயம். “நான் கப்பலிலேயே இருந்துக்கறேன், நீ போய்ப் பார்த்துட்டு வா” என்கிறார் அத்தை. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் இறங்குவது சரியாக இருக்குமா?

பதில்: ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இதில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பதில் வேறு. எல்லாச் சுற்றுலாவையும் வாங்குவதும் வீண், எதையுமே வாங்காமல் இருப்பதும் உங்கள் விஷயத்தில் சரிவராது. சாண்டோரினிக்கு கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்குங்கள். கட்டாகோலோனுக்கு வாங்கினால் நல்லது. குஷாதாசிக்கு முன்பதிவு செய்த தனி வண்டி போதும். டுப்ரோவ்னிக்கிலும் கோட்டோரிலும் காசு கொடுத்து யாரும் உங்களை அழைத்துப் போக வேண்டியதில்லை.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஊரின் அழகையோ கூட்டத்தையோ பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டிய இடத்துக்குப் போக ஒரு வழிதானா, பல வழிகளா? நடுவே ஏதாவது ஒன்று நின்றுபோனால் மாற்று உண்டா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை: கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் அதை எப்படிப் பிடிப்பது? டுப்ரோவ்னிக்கில் தவறவிட்டால் கோட்டோர் சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். நடுவே ஒரு நாட்டெல்லை இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும், ஆனாலும் ஒரு டாக்ஸிப் பயணத்தில் முடிகிற காரியம். சாண்டோரினியில் தவறவிட்டால் மறுநாள் காலை கப்பல் துருக்கியில் இருக்கும். தீவிலிருந்து விமானம் ஏறி ஏதென்ஸ் போய், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் துருக்கிக்குப் போக வேண்டும். கப்பல் அங்கே நிற்கும் பகலுக்குள் போய்ச் சேர்வதே சந்தேகம். துணிந்து இறங்குவதற்கும் அடங்கி இருப்பதற்கும் அளவுகோல் இதுதான்.

முதலில் நேரக் கணக்கு. பயண அட்டவணையில் “8 முதல் 2 வரை” என்று போட்டிருந்தால் ஆறு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். இருக்காது. கப்பல் கட்டியபின் அந்த ஊர் அதிகாரிகள் அனுமதி கொடுத்தால்தான் இறங்கு பாலத்தைத் திறப்பார்கள். பிறகு வரிசை. முதல் ஆள் இறங்கும் நேரத்துக்கும் நீங்கள் தரையில் கால் வைக்கும் நேரத்துக்கும் நடுவே அரை மணிக்கு மேல் போய்விடும். இந்தப் பக்கம் 2 மணி என்பது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், “ஆல் அபோர்டு” என்று அறிவிப்பார்களே அது, வழக்கமாக அதற்கு அரை மணி முன்பு. சில கப்பல்களில் ஒரு மணி முன்பு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக நீங்கள் கப்பலடியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாகோலோனை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 8 மணிக்குக் கப்பல் கட்டுகிறது, 8:40க்கு இறங்குகிறீர்கள். புறப்பாடு 2 மணி, ஏறும் கெடு 1:30, நீங்கள் திரும்ப வேண்டியது 12:30. கையில் இருப்பது 3 மணி 50 நிமிடம். அங்கே பார்க்க வேண்டியது பழங்கால ஒலிம்பியாவின் இடிபாடுகள். ஒலிம்பியாவுக்குப் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். மீதி இரண்டரை மணி நேரம். இடிபாடுகளுக்கு ஒன்றரை மணி, அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி என்று வைத்தால் கால் மணி மிஞ்சும். கழிவறைக்கும் தண்ணீருக்கும் அதுவே சரியாகப் போகும். இந்தக் கணக்கை ஐந்து ஊருக்கும் தாளில் போட்டுவிடுங்கள். பயத்தில் பாதி அதிலேயே கரையும்.

கடிகாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோ மூன்றுக்கும் ஒரே நேரம். கோடையில் கிரீஸும் துருக்கியும் அதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். கோட்டோருக்கும் கட்டாகோலோனுக்கும் நடுவே உங்களுக்கு ஒரு முழு நாள் கடலில் போகிறது. அன்றிரவு கப்பல் கடிகாரத்தை மாற்றுவார்களா, பழைய நேரத்திலேயே ஓட்டுவார்களா என்பது கேப்டனின் முடிவு. முதல்நாள் மாலை கேபினுக்கு வரும் தினத்தாளில் போட்டிருப்பார்கள். கெடு எப்போதும் கப்பல் நேரப்படிதான். கைபேசியோ தானாகவே கரையின் நேரத்துக்கு மாறிவிடும். இரண்டும் வேறாக இருக்கும் ஊரில்தான் ஆட்கள் துறைமுகத்தில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். அத்தையின் கையில் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். அவருடைய கடிகாரம்தான் உங்கள் இருவருக்கும் சட்டம்.

இனி ஊர் ஊராக.

டுப்ரோவ்னிக்கில் பெரிய கப்பல்கள் க்ரூஷ் துறைமுகத்தில் கட்டும். பழைய நகரத்தின் பிலே வாசல் அங்கிருந்து 3 கிலோமீட்டர். 1ஏ, 1பி எண் நகரப் பேருந்துகள் போகின்றன, டாக்ஸியும் உண்டு. நடக்க வேண்டாம். அத்தையின் அரை மணி நேரத்தைப் பேருந்துச் சாலையில் செலவழித்துவிட்டு ஊருக்குள் உட்கார இடம் தேடுவதில் அர்த்தமில்லை. சில கப்பல்கள் க்ரூஷுக்குப் போகாமல் பழைய நகரத்தின் எதிரே நங்கூரமிட்டு, படகில் நேராகப் பழைய துறையிலேயே இறக்கும். உங்கள் கப்பல் எப்படி என்று பயணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் ஸ்டிராடுன் என்ற நடுத்தெரு முழுச் சமதளம். கல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும், மழை பெய்தால் சறுக்கும். அதிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் சந்துகள் எல்லாம் படிக்கட்டுகள்தான். ஊரைச் சுற்றியுள்ள மதில் 1,940 மீட்டர். ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள், இறங்கும் வாயில்கள் குறைவு. ஏறிவிட்டு முடியவில்லை என்றால் உடனே இறங்க வழியிருக்காது. மதில் உங்களுக்கு மட்டும்தான், அத்தைக்கு இல்லை. பேருந்தில் வந்த உடனே, கூட்டமும் வெயிலும் ஏறுவதற்குள், நீங்கள் மதிலில் ஏறுங்கள். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பிலே வாசலைத் தாண்டியதும் ஓனோஃப்ரியோவின் பெரிய நீரூற்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், வட்டமாக, விளிம்பில் உட்காரத் தோதாக இருக்கும். சந்திக்கும் இடம் அதுவாக இருக்கட்டும். பிறகு இருவருமாக ஸ்டிராடுன் வழியே பழைய துறைக்கு நடந்து, லோக்ரும் தீவுக்கு ஒரு படகு பிடிக்கலாம். கால் மணி நேரக் கடல் பயணம், தீவில் மர நிழல். திரும்பும் படகின் நேரத்தைப் போகும்போதே கேட்டுவிட வேண்டும்.

கோட்டோரில் சிறப்பான பகுதி இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். கப்பல் நீண்ட வளைகுடாவுக்குள் நுழைந்து, வேரிகே என்ற குறுகிய நீரிணை வழியே மலைகளுக்கு நடுவே ஊர்ந்து வரும். பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு சின்னத் தீவுகள் தெரியும். 8 மணிக்குக் கட்டும் கப்பல் என்றால் இந்தக் காட்சி ஆறிலிருந்து ஏழரைக்குள். அந்நேரம் நீங்கள் இருவரும் மேல்தளத்தில் இருக்க வேண்டும். அத்தை கப்பலிலேயே இருக்க நினைக்கும் நாள் ஒன்று உண்டென்றால் அது இந்த நாளாக இருக்கட்டும். அவர் அதிகம் இழக்க மாட்டார், மாலையில் வெளியேறும்போது அதே வழியை இன்னொரு வெளிச்சத்தில் பார்ப்பார். ஆனாலும் ஒரு மணி நேரமாவது இறங்கச் சொல்லுங்கள். கட்டுதுறையிலிருந்து பழைய ஊரின் கடல் வாசல் சில நிமிட நடைதான், உள்ளே பெரும்பாலும் சமதளம். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்தால் சிலவற்றை நடுவே நங்கூரமிட்டுப் படகில் இறக்குவார்கள். அப்போது கணக்கில் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் பின்னால் மலைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறத்தாழ 1,350 படி. நீங்கள் ஏறலாம். காலை ஒன்பதுக்குள் தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறை அடுப்பாகிவிடும். உச்சிவரை போக வேண்டும் என்றில்லை. பாதி வழியில் இருக்கும் தேவாலயத்திலிருந்தே ஊரும் கப்பலும் ஒரே சட்டகத்தில் தெரியும்.

ஒலிம்பியாவைப் பற்றி மேலே கணக்காகவே சொல்லியாயிற்று. கட்டாகோலோன் சின்னஞ்சிறு கடற்கரைக் கிராமம். பார்க்க வேண்டியது ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. துறைமுகத்திலேயே டாக்ஸிகளும் தனியார் பேருந்துகளும் நிற்கும், போவதில் பிரச்சினை இல்லை. வரும்போது வண்டி பழுதானால் உடனே கிடைக்கும் மாற்று வண்டிகள் குறைவு. உங்கள் நேரமும் குறைவு. அதனால்தான் கப்பல் பேருந்தைச் சொன்னேன். வழிகாட்டி இல்லாமல் போக்குவரத்து மட்டும் தரும் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பல கப்பல்களில் உண்டு, விலையும் குறைவாக இருக்கும். அத்தைக்கு இந்த ஐந்தில் மிக எளிதான தொல்லியல் இடம் இதுதான்: தரை சமம், மரங்கள் உண்டு, படி அதிகமில்லை. நடக்க முடியவில்லை என்றால் இடிபாடுகளைச் சுருக்கி அருங்காட்சியகத்துக்கு நேரம் கொடுங்கள். ஜீயஸ் கோயிலின் முகப்புச் சிற்பங்களும், பிராக்சிட்டெலீஸ் செய்ததாகச் சொல்லப்படும் ஹெர்மீஸ் சிலையும் அங்கேதான் இருக்கின்றன.

சாண்டோரினிதான் நிதானமாகப் பேச வேண்டிய ஊர்.

அங்கே பெரிய கப்பல் கட்டும் துறையே கிடையாது. எரிமலை வெடித்து உருவான ஆழமான குடாவில் கப்பல் நிற்கும், படகுகளில் கரைக்குப் போக வேண்டும். இந்த மாதிரிப் படகுகளை டெண்டர் என்பார்கள். மற்ற ஊர்களில் கப்பலின் உயிர்காப்புப் படகுகளையே இதற்கு இறக்குவார்கள். சாண்டோரினியில் உள்ளூர்ப் படகோட்டிகள் ஓட்டுகிறார்கள். கடல் கொந்தளித்தால் அன்றைக்கு இறக்கமே ரத்தாகலாம், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் படகு தனியாகப் போகிறவர்களை ஃபீரா ஊரின் அடிவாரத்தில் இருக்கும் பழைய துறையில் விடும். ஊர் அங்கிருந்து 200 மீட்டருக்கு மேல், செங்குத்தான பாறையின் உச்சியில். மேலே போக மூன்று வழிகள்: கேபிள் கார், ஏறத்தாழ 590 படி, அதே படிகளில் ஏறும் கழுதை. கழுதைகள் போகும் படி என்பதால் சாணமும் வழுக்கலும் சகஜம். 2018இல் கிரீஸ் கொண்டுவந்த விதிப்படி கழுதைமேல் 100 கிலோவுக்கு மேல் அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. விதி கிடக்கட்டும், தேய்ந்த முழங்காலுக்கு அந்த ஆட்டமும் இறக்கமும் ஆகவே ஆகாது. மிஞ்சுவது கேபிள் கார். மூன்று நிமிடப் பயணம்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் அது ஏற்றுவது சில நூறு பேர். உங்கள் கப்பலில் மட்டும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருப்பார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு கப்பல்கள் நின்றால் மதியத்துக்குமேல் கீழே இறங்கும் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகும், வெயிலில் நின்றபடி. மேலே போகிறவர்கள் காலை முழுக்கச் சிறுகச் சிறுகப் போகிறார்கள். இறங்குவதோ எல்லாரும் ஒரே நேரத்தில். கப்பலைத் தவறவிடுகிற இடம் இதுதான்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பெரும்பாலும் அதினியோஸ் என்ற வேறு துறையில் இறக்கும். அங்கே பேருந்து காத்திருக்கும், மலைப்பாதை வழியே மேலே போய்விடலாம். கப்பலிலிருந்து முதல் படகுகளும் சுற்றுலாக்காரர்களுக்குத்தான். தனியாகப் போகிறவர்கள் எண்ணிட்ட சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “சுற்றுலா முடிந்ததும் பேருந்து திரும்ப அதினியோஸுக்கே வருமா, அல்லது எங்களை ஃபீராவில் விட்டுவிடுமா?” பல சுற்றுலாக்கள் ஃபீராவில் முடியும். கையில் ஒரு கேபிள் கார் சீட்டைக் கொடுத்து, நீங்களே இறங்கி வாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் எந்த வரிசைக்குப் பயந்து காசு கொடுத்தீர்களோ அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். பேருந்திலேயே திரும்பும் சுற்றுலா இருந்தால் அதையே வாங்குங்கள். ஃபீராவில் முடிவதுதான் கிடைக்கும் என்றால், கடைசிப் படகுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே வரிசைக்குப் போய்விடுங்கள். இந்த ஊரில் உங்கள் கெடு கப்பல் புறப்படும் நேரமல்ல, கடைசி டெண்டர் படகின் நேரம்.

படகில் ஏறும் முறையையும் அத்தைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கப்பலின் மேடையும் படகும் தனித்தனியாக ஏறி இறங்கும், நடுவே ஒரு சாண் இடைவெளி திறந்து மூடும். கைத்தடி, பை எல்லாவற்றையும் முதலில் பணியாளரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு கையும் வெறுமையாக இருந்தால்தான் அவர்கள் முன்கையைப் பிடித்துத் தாங்குவார்கள். அவர்கள் “இப்போது” என்றதும் ஒரே எட்டில் தாண்ட வேண்டும். பாதியில் தயங்கி ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே நிற்பதுதான் ஆபத்து. ஒரே எட்டு வைக்க அவரால் முடியாது என்று தோன்றினால், அன்றைக்கு இறங்க வேண்டாம். கப்பல் தளத்திலிருந்து அந்த வெள்ளை ஊர்களின் முழு வரிசையும் தெரியும், ஊருக்குள் போனால் அந்தக் காட்சி கிடைக்காது.

குஷாதாசியில் கப்பல் ஊரிலேயே கட்டும். பழங்கால நகரமான எபேசுவின் இடிபாடுகள் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள். இங்கே காசைவிட, எந்த வாசலில் நுழைகிறோம் என்பதுதான் முக்கியம். எபேசுவுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. மேலே நுழைந்து கீழே வெளியேறினால் வழி முழுக்க இறக்கம். செல்சஸ் நூலகமும் பெரிய அரங்கமும் வழியிலேயே வரும். பகிர்வு வேனில் போனால் கீழ் வாசல் பக்கம் சாலையோரத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நடந்து, மேட்டில் ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். நடை இரட்டிப்பாகும், ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். அதனால் முன்பதிவு செய்யும் வண்டிக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மேல் வாசலில் இறக்கி, கீழ் வாசலில் ஏற்ற வேண்டும், நடுவே கம்பளக் கடைக்கோ தோல் கடைக்கோ நிறுத்தக் கூடாது. கடை நிறுத்தம் கப்பல் நிறுவனச் சுற்றுலாக்களிலும் வரும். விளக்கக் குறிப்பில் “செய்முறை விளக்கம்” என்று இருந்தால் அது விற்பனைக் கூடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கம் என்றதும் அத்தைக்கு எளிது என்று நினைக்க வேண்டாம். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் வலி அதிகம். பளிங்குத் தரை தேய்ந்து வழுக்கும், நிழல் மிகக் குறைவு. கைத்தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றுங்கள், செலவு அற்பம். மேலே கூரை போட்ட மாடிவீடுகள் பகுதிக்குத் தனிச்சீட்டு, உள்ளே படிகள் நிறைய. அது உங்களுக்கு மட்டும், அவரை நூலகத்தின் அருகே நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம்.

அத்தையை விட்டுவிட்டு இறங்குவது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். சரிதான், தவறே இல்லை. ஊரில் எல்லாரும் இறங்கிவிட்ட பகலில் கப்பல் அமைதியாக இருக்கும், பலர் அதற்காகவே இறங்குவதில்லை. ஆனால் “உனக்குப் பாரமாக இருக்க வேண்டாம்” என்பதற்காக அவர் சொல்கிறாரா, உண்மையிலேயே ஓய்வு வேண்டுமா என்று பார்க்க வேண்டும். “எங்கே போகலாம் அத்தை?” என்று கேட்டால் “உனக்குப் பிடிச்ச இடத்துக்குப் போகலாம்” என்றுதான் பதில் வரும். படங்களைக் காட்டி, “இந்த ஐந்தில் எதைப் பார்க்காமல் வந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்?” என்று கேளுங்கள். இரண்டு பெயர் சொல்வார். அந்த இரண்டு நாளும் முழுக்க அவர் நடைக்கு நடக்கும் நாட்கள். மற்ற நாட்களில் பாதி சேர்ந்து, பாதி தனியாக. கட்டாகோலோன், சாண்டோரினி, குஷாதாசி மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் வருகின்றன. மூன்றிலும் முழுதாக இறங்கினால் மூன்றாம் நாள் அவர் கால் ஒத்துழைக்காது. நடுவில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் எபேசுவைத் தேர்ந்தெடுத்தால், முந்தின நாள் சாண்டோரினி கப்பல் தளத்திலிருந்தே போதும்.

பிரிந்து சுற்றும்போது ஒரு விதியை முதல் நாளே பேசி வையுங்கள். குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் கடந்தும் மற்றவர் வரவில்லை என்றால் தேடிப் போகக் கூடாது, அவரவர் நேராகக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் கேபின் அட்டையை இயந்திரத்தில் காட்டுகிறோம் அல்லவா, அதனால் யார் உள்ளே, யார் வெளியே என்பது வரவேற்பு மேசைக்குத் தெரியும். “என் அத்தை ஏறிவிட்டாரா?” என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஒருவரை ஒருவர் தேடிச் சுற்றி, இருவருமே கப்பலை விட்டவர்கள் உண்டு. அட்டையை இருவரும் தனித்தனியாக வைத்திருங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்வது பெரும்பாலான குடும்பங்கள் செய்கிற தப்பு.

அத்தையின் பையில் ஒரு சீட்டும் இருக்கட்டும்: கப்பலின் பெயர், கட்டியிருக்கும் துறையின் பெயர், ஏறும் கெடு, துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்துக்காக அந்த ஊரில் வேலை பார்ப்பவர்) தொலைபேசி எண். இந்த எண் தினத்தாளில் ஒவ்வொரு ஊருக்கும் தனியாக அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டே இறங்குங்கள். மாண்டினீக்ரோவும் துருக்கியும் பல ஐரோப்பிய இணையத் திட்டங்களுக்குள் வராது, அங்கே கைபேசி இணையம் இல்லாமல் போகலாம். அதனால் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, இறங்கியவுடன் கப்பல் நிற்கும் இடத்தில் குறியிடுங்கள். கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். கப்பலின் சொந்தச் செல்பேசி அலைவரிசையில் அது தானாக இணைந்தால் கட்டணம் தலைசுற்ற வைக்கும்.

மருந்து விஷயம்: அன்றைய வேளை மருந்தோடு இரண்டு நாள் மருந்தும் கூடவே வர வேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிர்ப்பையும், அளவு பார்க்கும் கருவியும். சர்க்கரை குறைந்தால் கொடுக்க, கடையில் வாங்கிய மூடிய பொட்டலமாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உணவுக்கூடத்திலிருந்து பழமோ சமைத்த உணவோ எடுத்துக்கொண்டு இறங்கப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்று. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) தேவையென்றால் அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இத்தாலி, குரோஷியா, கிரீஸ் மூன்றும் ஷெங்கன், குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது. மாண்டினீக்ரோவும் துருக்கியும் வெளியே. உங்கள் வழியில் இரண்டு முறை வெளியேறி இரண்டு முறை திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை விசாவோடு வந்தால் டிரியெஸ்டேயில் ஏறவே விடமாட்டார்கள். அந்த இரண்டு நாடுகளின் நுழைவு விதிகளைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை முதல் நாள் வாங்கிக்கொண்டு கடைசியில்தான் தருவார்கள், அதனால் வண்ண நகல் இரண்டு பேர் பையிலும் இருக்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவில் அடுத்த ஊரில் சேர்ப்பார்கள். தனியார் வண்டிக்காரர்கள் “கப்பலுக்குத் திரும்ப உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்வதற்குப் பொருள் வேறு. அதற்காகக் கப்பல் காத்திருக்காது, தவறினால் அடுத்த ஊர் வரைக்குமான செலவை அவர்கள் ஏற்பார்கள், அவ்வளவுதான். நீங்களே சுற்றித் தவறவிட்டால் துறைமுக வாசலுக்குப் போய் முகவரை அழையுங்கள். ஆள் குறைவது தெரிந்தால் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். அங்கிருந்து எல்லாச் செலவும் உங்களுடையது. பயணக் காப்பீட்டில் இதற்கு இடமுண்டா என்று வாங்கும்போதே அந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள்.

பிரேயஸில் இறங்கும் நாளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. முந்தின இரவே பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை கரையில் இறங்கிய பிறகுதான் அவை கைக்கு வரும். அத்தையின் காலை மருந்து, மாற்றுடை, நடக்கும் செருப்பு, பாஸ்போர்ட் நான்கும் கைப்பையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். அங்கிருந்து மெட்ரோவின் 3ஆம் தடம் நேராக விமான நிலையத்துக்குப் போகிறது, ஆனால் கப்பல் முனையங்கள் மெட்ரோ நிலையத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. பெட்டியும் முழங்கால் வலியுமாக அந்தத் தூரத்துக்கு டாக்ஸி எடுத்துவிடுங்கள்.